சீனி போட்ட பீங்கான்

ஊரிலிருந்து கொழும்புக்கு வருகின்ற நம் சகோதரிகள் பெரும்பாலும் மூன்று இடங்களைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஒன்று பெரியாஸ்பத்திரி. மற்றது புறக்கோட்டைப் புடைவைக் கடைகள். மூன்றாவது, வெளிநாடு செல்லும் பிள்ளையை வழியனுப்புவதற்கான கட்டுநாயக்கா விமான நிலையம். இம்மூன்றையும் பார்த்துவிட்டு, "கொழும்பிலே மனுசர் வாழ்வாங்களா?" என்று அலுத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் ஏறிவிடுகிறீர்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். கிழக்குக் கரையில் பிறந்து, அரபுக் கல்லூரியில் ஓதி முடித்து, 2001ஆம் ஆண்டு இந்த நகரத்துக்கு வந்தேன். ஒரு வருடம் இருந்துவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் எண்ணினேன். இருபது வருடங்களுக்கு மேலாகியும் இங்கேதான் இருக்கிறேன். ஆகவே, உங்களை நான்காவது ஓரிடத்துக்கு அழைத்துச் செல்ல எனக்கு ஓரளவு உரிமை உண்டு.

புறக்கோட்டையில் உங்கள் வேலை முடிந்ததும், இரண்டாம் குறுக்குத் தெருவில் நிற்கும் சிவப்புப் பள்ளிவாசலை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடிக்கப்பட்ட ஜாமிஉல் அல்பார் அது. மாதுளம்பழ வடிவக் குவிமாடங்களும் சிவப்பு வெள்ளைக் கோடுகளும் கொண்ட அந்தக் கட்டடத்தைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். பக்கத்துக் கடையில் ஹபாயாவுக்கு விலை பேசிக்கொண்டிருக்கும் நாம்தான் பார்ப்பதில்லை. பார்த்தாயிற்றா? இனிக் கோட்டை ரயில் நிலையத்துக்கு வாருங்கள். காலிப் பக்கம் செல்லும் மெதுவண்டியில் ஏறினால் சில நிமிடங்களில் கொம்பனித்தெரு. டிக்கட் எடுக்க நிற்கும் நேரம் பிரயாண நேரத்தைவிடக் கூடுதலாக இருக்கும்.

இந்த ஊருக்கு ஆங்கிலத்தில் நீண்ட காலம் வழங்கிய பெயர் 'ஸ்லேவ் ஐலண்ட்'. அடிமைத்தீவு என்று பொருள். ஒல்லாந்தர் காலத்தில், பகலெல்லாம் வேலை வாங்கிய அடிமைகளை இரவிலே வாவி சூழ்ந்த இந்த நிலத்தில் அடைத்து வைத்ததால் வந்த பெயர். சிங்களத்திலும் தமிழிலும் நம் மக்கள் அந்தப் பெயரைச் சொல்லவேயில்லை. கொம்பஞ்ஞவீதிய, கொம்பனித்தெரு என்றே சொல்லி வந்தார்கள். ஆங்கிலத்திலும் இனி அப்படியே எழுத வேண்டும் என்று 2022இல் அரசாங்கம் அறிவித்தது. ஒரு தவறான பெயரைத் திருத்த எத்தனை காலம் பிடிக்கிறது, பார்த்தீர்களா? மனிதர் செய்யும் தவறுகளும் அப்படித்தான் போலும். என்னுடைய ஒன்றைப் பின்னால் சொல்கிறேன்.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து தெருப் பலகைகளை வாசித்துக்கொண்டே நடவுங்கள். மலே வீதி, ரைபிள் வீதி, ஜாவா ஒழுங்கை என்று வரும். ஒல்லாந்தர் ஜாவாவிலிருந்தும் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் சிப்பாய்களாகவும், நாடுகடத்தப்பட்டவர்களாகவும், அடிமைகளாகவும் கொண்டுவந்த மக்களின் சந்ததியினர் இங்கே நிலைத்தார்கள். ஆங்கிலேயரின் ரைபிள் படையில் பெருந்தொகையாகச் சேர்ந்தவர்களும் அவர்களே. அந்தப் படை 1873இல் கலைக்கப்பட்டது. படை போனாலும் தெருவுக்கு அதன் பெயர் இன்னும் இருக்கிறது. வேகந்தைப் பள்ளிவாசல் 1786ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜாவாவிலிருந்து வந்த பந்தன் பாலி என்பவர் அதற்கான நிலத்தைக் கொடுத்தார் என்பது வரலாறு. 1869இல் 'அலாமத் லங்காபுரி' என்ற மலே பத்திரிகை கொழும்பில் அரபு எழுத்திலே அச்சாகி வெளிவந்தது. நம் மூத்தம்மாமார் அரபுத் தமிழிலே தலைப்பாத்திஹாவும் பைத்தும் ஓதியதை நினைத்துக் கொள்ளுங்கள். மொழி வேறாக இருந்தும், கடல் கடந்து வந்த இந்த மக்களும் நம் மூத்தம்மாவும் ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

இன்னும் கொஞ்சம் நடந்தால் கியூ வீதியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் கோபுரம் தெரியும். கிறிஸ்தவ ஆலயமும் கிட்டத்தான். பேர வாவியின் நீர்மேல் மிதப்பதுபோல் நிற்கும் சீமா மாலகய என்ற பௌத்த மண்டபத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஜெப்ரி பாவா என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் 1970களில் வரைந்தது. அதற்குப் பணம் கொடுத்தவர்கள் மூஸாஜி என்ற முஸ்லிம் வர்த்தகரும் அவருடைய மனைவியும்; மறைந்த தங்கள் மகனின் நினைவாகக் கொடுத்தார்கள். இதைக் கேட்டதும் சிலருடைய முகம் சுருங்கும். மார்க்கச் சட்டம் பேசத் தொடங்குவார்கள். அந்தச் சர்ச்சைக்குள் நான் இப்போது நுழையவில்லை. இப்படியும் ஒரு காலம் இந்தக் கொழும்பிலே இருந்தது என்பதை மட்டும் தெரிந்து கொள்ளுங்கள்.

நிற்க. என் கதைக்கு வருகிறேன்.

2001இல் நான் வந்து இறங்கியது ஜாவா ஒழுங்கைக்குப் பக்கத்தில், மூன்று அடி அகலமான ஒரு சந்துக்குள். ஒரு மலே மாமியின் வீட்டில் முன்னறை வாடகைக்குக் கிடைத்தது. கணவர் மௌத்தாகி, பெண் பிள்ளைகள் இருவரையும் கட்டிக்கொடுத்துவிட்டு மாமி தனியாக இருந்தார். பேரப்பிள்ளைகளோடு மலே மொழி, சந்திலே சிங்களம், என்னோடு தமிழ், வானொலியோடு ஆங்கிலம் என்று நான்கு மொழிகளையும் ஒரே மூச்சில் பேசுவார். நானோ ஏழு வருடம் ஓதி ஸனது வாங்கிய சூட்டோடு வந்தவன். எதைப் பார்த்தாலும் குற்றம் கண்டுபிடிக்கும் கண் அப்போது எனக்கு. மாமியின் வீட்டுச் சுவரில் இருந்த அவருடைய கலியாணப் படத்தில் அவர் சாரமும் கெபாயாச் சட்டையும் உடுத்து, தலையில் மெல்லிய துணி ஒன்றைப் போட்டிருந்தார். அதைப் பற்றியும் ஏதோ சொன்னேன். மாமி சிரித்தார். "மகன், அந்தச் சட்டைய என்ட உம்மா ஆறு மாசம் கையால பின்னியெடுத்த. இப்ப நீங்க சொல்லிய ஹபாயாவ எவ்வளவு நேரத்தில தைக்கிய?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. உடையைப் பற்றி நாம் பேசும் பேச்சில் பாதி, மார்க்கத்தைப் பற்றியதல்ல, காலத்தைப் பற்றியது என்று இப்போது நினைக்கிறேன். தலையை மூடுவது மார்க்கம். எந்தத் துணியால், எந்த வெட்டில் என்பது ஊருக்கும் காலத்துக்கும் உரியது. 1905இல் சட்டத்தரணி எம். ஸி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு நீதிமன்றத்தில் தோன்றியபோது அதைக் கழற்றச் சொன்னார்கள். அவர் மறுத்தார். அந்த வருடம் டிசம்பர் 31இல் மருதானைப் பள்ளிவாசல் முன்றலில் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். பின்னர் தொப்பியோடு வழக்காட அனுமதி கிடைத்தது. அப்படிப் போராடி வென்ற அந்தச் சிவப்புத் தொப்பியை இன்று யார் அணிகிறார்கள்? கலியாண மாப்பிள்ளை சில மணி நேரம் அணிகிறார். மற்றக் காலமெல்லாம் அது அலுமாரிக்குள்ளே கிடக்கிறது. நம் பெண்கள் சாரி முந்தானையைத் தலையில் போட்டிருந்த காலம் போய், மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனவர்கள் கறுப்பு ஹபாயா கொண்டுவந்தார்கள். இப்போது கொழும்பில் கறுப்பும் போய், சாம்பல், பழுப்பு, இளநீலம் என்று வந்துவிட்டது. கல் பதித்த ஹபாயா ஒன்றின் விலையைக் கேட்டு என் வீட்டாரும் நானும் கடையை விட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் பேசாமல் நின்றதுண்டு.

உடுப்பில் குற்றம் கண்டவன் மாமியின் உணவில் தோற்றுப்போனேன். வந்த முதல் வாரம் பிட்டும் பாபத்தும் வைத்தார். பாபத் என்றால் மாட்டுக் குடல். அதை நாலைந்து தண்ணீரில் கழுவி, சுண்ணாம்பு போட்டுச் சுரண்டி, மீண்டும் கழுவி, அவித்து, மிளகும் இஞ்சியும் ரம்பையும் சேர்த்து ஆணம் காய்ச்சுவார். முந்தின நாளே தொடங்கினால்தான் மறுநாள் காலைக்கு வரும். எங்கள் ஊரில் குடல் கறி ஏழைகளின் கறி. நான் முகம் சுளித்தேன். "வயித்துக்குள்ள ஒண்டும் இல்லாம கிதாப் ஏறாது மகன்" என்றார். ஒரு வாய் வைத்தேன். பிறகு பீங்கானைத் துடைத்துச் சாப்பிட்டேன். சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் பேரீச்சம்பழமும் கடுகோடு வினாகிரியில் ஊறிய மலே அச்சாறு என்றால், நெய்ச்சோறு இல்லாமல் வெறும் சோற்றுக்கும் போதும். வட்டிலப்பமோ எனில், நம் எல்லோருடைய பெருநாளுக்கும் உரியதாகிவிட்ட அந்தப் பண்டம் மலே அடுப்பிலிருந்து வந்தது என்றே பலரும் சொல்வார்கள். மாமியின் கணக்கு எளிமையானது. கித்துள் கருப்பட்டி அரைக் கிலோவுக்குப் பத்து முட்டை, முதற்பால் மட்டும், ஏலம், கொஞ்சம் சாதிக்காய். முட்டைத் தட்டுப்பாட்டினால் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய நேர்ந்த 2023இலும் அவர் பத்தை எட்டாக்கவில்லை. "குறைச்சா வட்டிலப்பம் இல்ல, கருப்பட்டிக் கஞ்சி" என்றுவிட்டார். இப்போது கடைகளில் சின்னச் சின்ன ஈயத்தாள் கிண்ணங்களில் விற்கிறார்களே, அதைத் தொடவும் மாட்டார்.

சந்தின் எதிர்ப்புறத்தில், கதவைத் திறந்தால் எங்கள் கதவில் இடிக்கும் அளவு நெருக்கத்தில், ஒரு சிங்களக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாவைச் சந்து முழுவதும் நோனா என்று அழைக்கும். மாமி அவரை நங்கி என்பார். அவர் மாமியை அக்கே என்பார். இரண்டு அடுப்புக்கும் நடுவே எப்போதும் ஒரு பீங்கான் போய் வந்துகொண்டிருக்கும். நோன்பு காலத்தில் கஞ்சி போகும். பெருநாளுக்கு வட்டிலப்பம் போகும். அந்தப் பக்கத்திலிருந்து பலாக்காய்ச் சுளை அவித்து வரும், கொஸ் ஆணம் வரும், சித்திரைப் புத்தாண்டுக்குக் கொக்கிஸும் கெவுமும் வரும். நம் ஊர்களிலும் உள்ள வழக்கம்தானே, வந்த பீங்கான் வெறுமையாகத் திரும்பாது.

2002 ஏப்ரல். புத்தாண்டுக் காலையில் நோனா புதுச் சீத்தையும் சட்டையும் உடுத்து, பூப்போட்ட துணியால் மூடிய பீங்கானோடு வாசலுக்கு வந்தார். கொக்கிஸ், கொண்டைக் கெவும், வாழைப்பழம். மாமி வாங்கி மீட் சேஃபின் மேலே வைத்தார். அவர் போனதும் நான் சொன்னேன்: "மாமி, இது அவங்கட பெருநாள் சாமான். இத வைக்கப்படாது. திருப்பி அனுப்பிடுங்க."

மாமி என் முகத்தைப் பார்த்தார். முப்பது வருடமாக வாங்கிச் சாப்பிட்டவர். ஆனால் நான் ஓதியவன். என் தலையில் தொப்பி இருந்தது. ஆலிமின் சொல்லை மீறக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண். ஒரு வார்த்தையும் பேசாமல் பீங்கானை எடுத்துக்கொண்டு சந்தைத் தாண்டினார். அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. நோனாவின் குரலும் கேட்கவில்லை. அன்று முழுவதும் எதிர்வீட்டுக் கதவு மூடியே இருந்தது. சந்தில் வெடி கொளுத்திய பிள்ளைகளின் சத்தம் மட்டும் கேட்டது.

சில மாதங்களின் பின் ஊருக்குப் போனபோது என் உஸ்தாதிடம், ஏதோ பெரிய காரியம் செய்தவனைப்போல் இதைச் சொன்னேன். அவர் ஓதிக்கொண்டிருந்த கிதாபை மூடினார். "அந்தப் பண்டத்தில் என்ன இருந்தது?" என்று கேட்டார். அரிசிமா, தேங்காய்ப்பால், கருப்பட்டி, தேங்காயெண்ணெய் என்றேன். "அது எதற்காவது படைத்ததா?" இல்லை, பிள்ளைகளுக்குச் சுட்டது. "தந்தது யார்?" எதிர்வீட்டுக்காரி. "எந்தக் கிதாபைப் பார்த்து நீ பத்வா கொடுத்தாய்?" எதையும் பார்க்கவில்லை. ஆணத்தில் தண்ணீரைக் கூட்டியாவது அயலவருக்குக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரழி) அவர்களுக்குச் சொன்ன ஹதீஸை நான் ஓதியிருந்தேன். பரீட்சையில் அதற்கு முழுப் புள்ளியும் வாங்கியிருந்தேன். உஸ்தாத் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. கிதாபைத் திறந்துகொண்டார். திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

நான் கொழும்புக்குத் திரும்பி நோனாவிடம் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. மாமியிடம் மட்டும் "இனி வந்தால் வாங்குங்க" என்றேன். அந்த வருட நோன்புப் பெருநாளுக்கு மாமி வழக்கம்போல வட்டிலப்பம் அனுப்பினார். நோனா வாங்கிக் கொண்டார். பீங்கான் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. அதிலே ஒரு கைப்பிடி வெள்ளைச் சீனி. சீனியில் யாருக்கும் ஆட்சேபனை இராது என்று எண்ணியிருக்கிறார். அடுத்த பெருநாளுக்கும் சீனி. அதற்கடுத்ததற்கும் சீனி. புத்தாண்டுக்கு எதுவும் வரவில்லை. 2013இல் ஹலால் இலச்சினையைப் பற்றி நாடெங்கும் சத்தம் எழுந்தபோது, "அக்கே, சீனிக்கும் அது வேணுமா?" என்று நோனா கேட்டதாக மாமி என்னிடம் சொன்னார். கேலியாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று மாமிக்கும் தெரியவில்லை.

இதற்கிடையில் கொம்பனித்தெருவே மாறத் தொடங்கியிருந்தது. 2010 மே மாதத்தில் மியூஸ் வீதியில் வீடுகளை இடித்தபோது எங்கள் சந்திலும் பயம் புகுந்துவிட்டது. சில வருடங்களில் எங்கள் முறையும் வந்தது. சந்து இருந்த இடத்தை இப்போது தகரத் தடுப்பு மறைத்திருக்கிறது. இன்று அந்தப் பகுதியில் நின்று பார்த்தால், ஒரு மாடத்தின்மேல் இன்னொன்று சாய்ந்ததுபோல் கட்டிய அல்டெயார் ஒருபுறம், 2022 செப்டம்பரில் மக்களுக்குத் திறந்துவிட்ட 350 மீற்றருக்கும் மேல் உயரமான தாமரைக் கோபுரம் மறுபுறம். இரவில் அது நிறம் மாறி மாறி ஒளிரும். பார்க்க அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். கண்ணாடிச் சுவர் போட்ட கோப்பிக் கடைகளில் நம் பிள்ளைகள் உட்கார்ந்து, எதிரே இருக்கும் சிநேகிதியோடு பேசாமல், தூரத்தில் இருக்கும் சிநேகிதிக்குப் படம் அனுப்புகிறார்கள். ஒரு கோப்பிக்கு அவர்கள் கொடுக்கும் காசில் மாமி அந்தக் காலத்தில் ஒரு கிழமைக்குச் சமைத்திருப்பார். ஆனாலும் அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. 400 சதுர அடி வீட்டுக்குள் ஏழு பேர் இருந்தால் சிநேகிதியை எங்கே உட்கார வைப்பது?

ஆம், எங்களுக்குக் கிடைத்தது தொடர்மாடி. மாமிக்கு நாலாம் மாடி. நோனாவுக்குப் பதினோராம் மாடி. சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள்; யார் யாரோடு அயலாக இருந்தார் என்று எவரும் கேட்கவில்லை. நானும் திருமணமாகிப் பிள்ளைகளோடு 2015 முதல் ஆறாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். பாடசாலையில் இஸ்லாமும் அரபும் கற்பிக்கிறேன். சந்திலே கதவோடு கதவு இடித்த இரண்டு அடுப்புகளுக்கு நடுவே இப்போது ஏழு மாடி. லிப்ட் இருக்கிறது, வேலை செய்தால் அதிர்ஷ்டம். மாமியின் முழங்காலோ ஒரு மாடிக்கும் தாங்காது. முதல் இரண்டு பெருநாளுக்குப் பேரன் பீங்கானைக் கொண்டு போனான். பிறகு அவன் கட்டாருக்குப் போய்விட்டான். பீங்கான் நின்றுபோனது. சண்டையில்லை, கோபமில்லை. படிகள்தான் காரணம்.

2019 ஏப்ரல் 21 வந்தது. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நம் பெயரைச் சொல்லிக்கொண்டு, நம் கலிமாவைச் சொல்லிக்கொண்டு அதைச் செய்தார்கள். அந்த வெட்கத்தை எழுத எனக்குச் சொல் இல்லை. அதன் பின்னான நாட்களை நீங்களும் உங்கள் வீடுகளில் அனுபவித்திருப்பீர்கள். சோதனை, ஊரடங்கு, முகத்திரைத் தடை. அரபு எழுத்துள்ள எந்தத் தாளைக் கண்டாலும் விசாரணை என்ற பேச்சு மாடிக்கு மாடி பரவியது. என்னிடம் இருந்தது இரண்டு சாக்குக் கிதாபுகள். என் உஸ்தாத் ஓரத்தில் எழுதித் தந்த குறிப்புகளோடு பிக்ஹு நூல்களும் தப்ஸீரும். சிலர் எரித்தார்கள், சிலர் கிணற்றில் போட்டார்கள். நானும் இரவு பன்னிரண்டு மணிக்குச் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். எங்கே கொண்டு போவது என்று தெரியாமல்.

நோனாவின் மகன் முச்சக்கரவண்டி ஓட்டுபவன். வேலையில்லாமல் தண்ணீர் எடுக்க இறங்கி வந்தவன் என்னைக் கண்டான். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே ஏறினான். மற்றதை நான் தூக்கினேன். பதினோராம் மாடியில் நோனா கதவைத் திறந்து, சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கட்டிலுக்குக் கீழே இருந்த பழைய சூட்கேஸை இழுத்து வெளியே வைத்துவிட்டு இடம் பண்ணினார். "பூச்சி திண்ணாதுக்கு வேப்பிலை போடுறன், மௌலவி மாத்தயா" என்றார். அவ்வளவுதான். அன்றும் நான் அந்தப் பழைய பீங்கானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உதவி கேட்டு நிற்கும்போது சொல்லும் மன்னிப்புக்கு என்ன பெறுமதி என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நாலு மாதம் கழித்துக் கிதாபுகள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சிங்களப் பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்தார். கீழ் மேல் தெரியாததால் சிலவற்றைத் தலைகீழாக.

2022ஆம் ஆண்டு கேஸ் இல்லாத நாட்களில், எங்கள் மாடியின் பின்புறத்து வெளியில் கல் வைத்து விறகு மூட்டிப் பெண்கள் சேர்ந்து சமைத்தார்கள். நாலாம் மாடியும் பதினோராம் மாடியும் மீண்டும் ஓர் அடுப்பில் சந்தித்தது அப்போதுதான். மாமியை நாற்காலியில் வைத்து இரண்டு பையன்கள் தூக்கி இறக்குவார்கள். பருப்பைத் துழாவிக்கொண்டே மாமியும் நோனாவும் பழைய சந்தின் ஆட்களை ஒவ்வொருவராக நினைவுகூர்வார்கள். கேஸ் வந்தது, அதுவும் நின்றது.

2024 ஏப்ரலில் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. பெருநாள் தொழுகை முடிந்து ஸலாம் சொல்ல மாமியின் வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டிய மாமி கட்டிலில் சாய்ந்திருந்தார். மேசைமேல் வட்டிலப்பம், அந்தப் பழைய நீலக்கரைப் பீங்கானில், துணியால் மூடி.

"மகன், லிப்ட் இல்ல. நங்கிக்கு இத யார் கொண்டு போற?"

வீட்டில் வேறு யாரும் இல்லை. வெள்ளை ஜுப்பாவும் அத்தரும் பூசிய மௌலவி, இரண்டு கையாலும் பீங்கானைப் பிடித்துக்கொண்டு ஏழு மாடி ஏறினேன். ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு வாசம். ஏழாம் மாடியில் புரியாணி, எட்டில் யாரோ மீன் பொரிக்கிறார்கள், ஒன்பதில் சாம்பிராணி. பத்தாம் மாடியில் மூச்சு வாங்க நின்றேன். அங்கேயே தேங்காயெண்ணெய் காயும் வாசம் வந்துவிட்டது. புத்தாண்டுக்கு இன்னும் மூன்று நாள். நோனா கொக்கிஸ் சுட்டுக்கொண்டிருந்தார். பூ வடிவ அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் அமிழ்த்தி, ஒரு குலுக்குக் குலுக்கினால் அது தானாகக் கழன்று மிதக்கும். ஒல்லாந்தர் விட்டுப்போன பண்டம் என்பார்கள். இந்த ஊருக்கு அவர்கள் விட்டுப்போனவற்றில் இதைப்பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை.

என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பீங்கானை வாங்கி, துணியை நீக்கி, மணந்து பார்த்தார். "அக்கே செய்தது" என்றார். வட்டிலப்பத்தைத் தன் பாத்திரத்துக்கு மாற்றி, பீங்கானைக் கழுவி, துடைத்து, அலுமாரிக்குப் போய்ச் சீனிப் போத்தலை எடுத்தார்.

"நோனா," என்றேன். தொண்டை அடைத்துக்கொண்டது. படியேறிய மூச்சு என்று அவர் நினைத்திருக்கலாம். "சீனி வேண்டாம். கொக்கிஸ் தாங்க."

போத்தலின் மூடியில் கையை வைத்தபடி அவர் நின்றார்.

"அண்டைக்கு நான் சொன்னது பிழை. மாமி சொல்லல்ல. நான்தான் சொன்னேன்."

"தெரியும்" என்றார். "சந்து சின்னது தானே, மாத்தயா. எல்லாம் கேக்கும்."

போத்தலை அலுமாரியில் திரும்ப வைத்தார். எண்ணெய் வடியத் தாளில் பரப்பியிருந்தவற்றுள் உடையாததாகப் பார்த்து ஆறு கொக்கிஸை எடுத்து அடுக்கினார். பூப்போட்ட துணி ஒன்றைத் தேடி எடுத்து மூடினார். "சூடு. மெல்லமா போங்க" என்றார்.

பதினோராம் மாடியை விட்டு இறங்கும்போது பீங்கானில் ஆறு இருந்தன. மாமியின் வாசலுக்கு வந்தபோது நான்கு.